வீட்டு மொழி: ஆங்கிலம்

ஒக்டோபர் 9, புதன்

கோபத்தை யாரிடமாவது சொல்லவேண்டும். மகள் மேலே தன் பழைய அறையில் கணினியோடு இருக்கிறாள். அவளிடம் சொல்வதற்கு என் ஆங்கிலம் போதாது. ஆகவே நகைக்கடைக்காரன் தைப்பொங்கலுக்குத் தந்த இந்த டயரியை எடுத்திருக்கிறேன். இதுவரை ஒரு எழுத்துக்கூட எழுதாமல் கிடந்தது.

இவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கிழமை, ஏழு நாள், ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். இன்று காலை ஆஸ்பத்திரியில், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற வெள்ளைக்காரப் பெண்பிள்ளை ஒருத்தி படங்களோடு வந்தாள். ஒவ்வொரு படமாகக் காட்டி ஆங்கிலத்தில் இது என்ன என்று கேட்டாள்.

முதற்படம் கதவுத் திறப்பு, அதுதான் சாவி. இவர் கழுத்து நரம்பு புடைக்க, கஷ்டப்பட்டு, "திறப்பு" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு எதையோ எழுதினாள். அடுத்தது குடை. "குடை" என்றார். எழுதினாள். சீப்பு. கொஞ்சம் யோசித்து "சீப்பு" என்றார். அதற்கும் எழுதினாள். நான் கதிரையால் எழும்பி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "கரெக்ட், கரெக்ட், ஹி சே கரெக்ட்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு என் தோளைத் தடவினாள். ஆறுதல் சொல்கிறாளாம். நான் ஆறுதலா கேட்டேன்? சரி போடச் சொல்லிக் கேட்டேன்.

அவள் வெளியில் போய் என் மகள் தர்ஷிகாவிடம் சொன்னது இது: அப்பாவிடமிருந்து ஒலிகள் வருகின்றன, சொற்கள் வரவில்லை.

"தமிழ்," என்றேன் நான். "அப்பா தமிழ் டாக்கிங்."

தர்ஷி என்னைப் பார்த்தாள். அவள் பேசுவதெல்லாம் ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன். "அம்மா, அப்பா தமிழ் பேசமாட்டார். உங்களுக்கே தெரியும்."

ஒக்டோபர் 11, வெள்ளி

இவருடைய பைஜாமாக்களைத் தோய்த்து, அறையைச் சூடாக்கும் றேடியேற்றரில் காயவைத்து, மத்தியான பஸ்ஸில் போனேன். பக்கத்து வீட்டுக்காரி குப்பைத் தொட்டியை மறுபடியும் எங்கள் வாசலில் விட்டிருக்கிறாள். வந்து பார்க்கலாம் என்று விட்டேன்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் திறந்தார். "இஞ்சேரும்," என்றார். "குளிருதே வெளியில?"

ஊரில் புருசன்மார் கூப்பிடுகிறமாதிரி 'இஞ்சேரும்' என்று இவர் என்னைக் கூப்பிட்டது கடைசியாக எப்போது? தர்ஷிக்கு நாலு வயதாயிருக்கும்போது.

அந்தக் கதையை எழுதத்தான் வேண்டும். தர்ஷி நேர்சரிக்குப் போன புதிதில், அங்கே வகுப்பில் வாயைத் திறக்கிறாள் இல்லை என்று ஒரு ரீச்சர் இவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்: வீட்டில் நீங்கள் இரண்டு பாஷை பேசிப் பிள்ளையைக் குழப்புகிறீர்கள், இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள். அவள் யார் எங்கள் வீட்டுக்குள் வந்து நாக்கை அளக்க? ஆனால் இவர் அவள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து வீட்டில் ஆங்கிலம். இவருக்கு அது கஷ்டமில்லை. ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிற வேலை. விக்கினராஜா என்ற பெயரை விக் என்று சுருக்கி, அந்தக் குரலில் ஆங்கிலம் பேசினால் வெள்ளைக்காரரே நின்று கேட்பார்கள். பிள்ளை வளர்ந்து, படித்து, மன்செஸ்ரரில் வேலை எடுத்துப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்போதும் இவர் ஆங்கிலத்தை விடவில்லை.

"குளிருது," என்றேன். "நீங்கள் போர்த்திக்கொண்டு படுங்கோ."

"உவையெல்லாம் என்ன முணுமுணுக்கினம்?" தாதிமாரைக் கண்ணால் காட்டினார். "வாயைத் திறந்து கதைக்கச் சொல்லும். ஒண்டும் விளங்குதில்லை."

சந்தோசம் என்று எழுதமாட்டேன். மனிசன் கை கால் விழுந்து கிடக்கும்போது யாராவது அப்படி எழுதுவார்களா? போகும்போது பஸ்ஸில் தூங்கிவிழுந்த நான், வரும்போது முழித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

பெரிய டொக்ரர் இன்று வந்தார். இரண்டு பாஷை தெரிந்தவர்களுக்கு இப்படி அடித்தால், சிலருக்கு ஒன்று போய் மற்றது மட்டும் மிஞ்சுவது உண்டாம். தர்ஷி கேட்டு எனக்குச் சின்னச் சின்ன ஆங்கிலத்தில் சொன்னாள். பார்த்தாயா, என்றேன். ஆனால் டொக்ரர் கணினியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கே வேறு மாதிரி இருக்கிறதே என்றார். வீட்டு மொழி: ஆங்கிலம். மொழிபெயர்ப்பாளர்: தேவையில்லை.

யார் கொடுத்த தகவல் என்று கேட்டேன். அம்புலன்ஸ் வந்த அன்று வாசலில் வைத்துக் கேட்டார்களாம். என் ஆங்கிலம் போதாமல் தர்ஷிக்கு ரெலிபோன் எடுக்க, அவள் சொன்னாளாம்.

"ஏன் அப்பிடிச் சொன்னனி?" கோபத்தில் தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில், "வை யூ சே?"

"அம்மா, அதுதானே உண்மை? நம் வீட்டில் நாம் என்ன பேசினோம்?"

டொக்ரர் முன்னால் என்ன மறுமொழி சொல்வது? பேசாமல் நின்றேன். என் மகளுக்கு முன்னால் பேசாமல் நிற்பது எனக்குப் பழகிப்போன வேலை.

ஒக்டோபர் 17, வியாழன்

மொழிபெயர்ப்பாளர் வருகிறார் என்றார்கள். நான் தலை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். வந்தது ஒரு ரெலிபோன். அதைக் கட்டிலில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்கள். அந்தப் பக்கம் எங்கோ இருந்து ஒரு ஆண்குரல், இந்தியத் தமிழ், செய்தி வாசிப்பவர் மாதிரி. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமுகிறார், வெளியே சாப்பாட்டு வண்டி உருள்கிறது. "ஐயா, தாங்கள் மருத்துவமனையில் இருக்கிறீர்கள் என்பதைப் புரிந்துகொள்கிறீர்களா?"

"ஓம்," என்றார் இவர்.

"தங்களுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியுமா?"

"ஓம்."

"தங்கள் மனைவி அருகில் இருக்கிறாரா?"

"ஓம், ஓம்."

அந்தக் குரல் ஆங்கிலத்தில் எதையோ சொன்னது. அருகில் நின்ற ஆஸ்பத்திரிச் சமூக சேவகி தலையை ஆட்டி எழுதினாள். தர்ஷியிடம் கேட்டேன். கேள்விகளுக்குப் பதில் இல்லையாம். நோயாளி திரும்பத் திரும்ப ஓம் என்று மந்திரம் சொல்கிறாராம்.

மந்திரம்! யாழ்ப்பாணத்தில் பிறந்த குழந்தைகூட 'ஆமாம்' என்பதற்கு ஓம் என்றுதான் சொல்லும். நான் ரெலிபோனைப் பிடுங்கி, "தம்பி, ஓம் எண்டால் ஆமாம் ஐயா, ஆமாம்!" என்று கத்தினேன். வைத்துவிட்டார்கள். நேரம் முடிந்ததாம். இவர் என்னைப் பார்த்து, "ஆர் அந்தப் பெடியன்? வடிவாத்தானே கேட்டான்," என்றார்.

ஒக்டோபர் 18, வெள்ளி

யாரோடும் கதைக்கவில்லை. குப்பைத் தொட்டியை இழுத்துப்போய் பக்கத்து வீட்டுக்காரியின் வாசலிலேயே விட்டேன்.

ஒக்டோபர் 22, செவ்வாய்

சமூக சேவகி ஒரு சின்ன அறையில் கூட்டம் வைத்தாள். கோப்பி, பிஸ்கற், கண் துடைக்கக் கடதாசி எல்லாம் மேசையில். கண்ணீர் வரும் என்று முதலே முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள்.

இவருக்கு முடிவெடுக்கும் தகுதி இல்லையாம். என்ன நடக்கிறது என்று விளங்காத ஆளாம். ஆகவே எங்கே இருப்பது என்பதை மற்றவர்கள் தீர்மானிக்க வேண்டுமாம். கடற்கரைப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் இருக்கிறது. இரண்டு ரயில் மாறிப் போகவேண்டும்.

"நோ," என்றேன். "ஹோம். மை ஹோம்."

தர்ஷி என் கையைப் பிடித்தாள். வீட்டுப் படி, குளியலறை, என் வயது, தன் வேலை என்று மெல்ல மெல்லச் சொன்னாள். சின்னப் பிள்ளைக்குப் பல்லுப் பிடுங்கமுதல் சொல்கிற மாதிரி. பாதிதான் விளங்கியது. விளங்கின பாதியே போதும். தகப்பனை அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறாள்.

கை கால் விழுந்தாலும் இவருக்குப் புத்தி விழவில்லை. நேற்றுக்கூட ஜன்னலைப் பார்த்து, மரத்தில் இலை கொட்டுப்படுகிறது, பின்வளவுத் தண்ணீர்க் கானை அடைக்கும், ஆளைப் பிடித்துத் துப்புரவாக்கும் என்று சொன்ன மனிசன். அவருக்குத் தகுதியில்லையாம். அவர் சொல்வது விளங்காதவர்களுக்குத் தகுதி இருக்கிறதாம்.

ஒக்டோபர் 24, வியாழன்

இன்று நான்தான் இவருக்கும் மகளுக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். என் ஆங்கிலத்தில்.

தர்ஷி, "அப்பா, உங்களுக்கு நல்லது எதுவோ அதைத்தான் பார்க்கிறோம். கடற்கரை இல்லத்தில் நல்ல தாதிமார் இருக்கிறார்கள்," என்றாள்.

"என்னவாம்?" என்றார் இவர்.

"கெதியில சுகம் வருமாம் எண்டு சொல்லுறாள்."

இவர் கொஞ்சநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "வீட்டை போக ஆசைதான். ஆனா இஞ்சேரும், உமக்கு நாரி நோ. உம்மால என்னைத் தூக்கேலாது. யோசியும்," என்றார். திங்களன்றும் இதையேதான் சொன்னார். நாரி நோ, இடுப்பு வலி, எல்லோருக்கும்தான் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு கதையாக எடுக்கமுடியுமா?

"அப்பா என்ன சொல்கிறார்?"

"ஹி சே, ஹோம்," என்றேன்.

போகும்போது, அவள் கோட்டை எடுக்கப் போன நேரத்தில் இவர் கேட்டார்: "பிள்ளை ஏன் என்னோட கதைக்கிறாளில்லை? என்ன கோபம் அவளுக்கு?"

அதை நான் தர்ஷிக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவளும் அழுவாள்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. கோயிலுக்குப் போனேன். அங்கே விசாரித்ததில், இலங்கைத் தமிழ் பேசுகிற மொழிபெயர்ப்பாளர்கள் நேரில் வருவார்கள், ஆஸ்பத்திரி கூப்பிடவேண்டும், ஆனால் கேட்காவிட்டால் கூப்பிடமாட்டார்கள் என்று சொன்னார்கள். கேட்கிறேன்.

ஒக்டோபர் 29, செவ்வாய்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் முறைப்பாடு சொல்கிற இடம் இருக்கிறது. தர்ஷி மன்செஸ்ரர் போய்விட்டாள். தனியாகப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மனிதன்.

"இன்ரப்பிரிற்றர் வேணும். சிறிலங்கா தமிழ். போன் நோ. ஆள், ஆள். பேர்சன்."

இமெயில் அனுப்பும்படி சொன்னான்.

"இமெயில் தெரியாது. ஐ சிற்."

கதிரையில் இருந்தேன். அவன் மற்றவர்களைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். யாராவது உறவினர் அழைத்துப்போக வருவார்களா என்று கேட்டான். நான் காணாமற்போன ஆளா? பசித்தது. பையைத் திறந்து பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டேன். வாசம் போயிருக்கும். போகட்டும். பிறகு ஒரு பெண் அதிகாரி வந்தாள். மகளுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்கலாமா என்றாள்.

"நோ டோற்றர்," என்றேன். "மை ஹஸ்பண்ட். ஹி ஹாவ் மவுத். யூ ஹாவ் நோ இயர்."

எங்கிருந்து வந்ததோ தெரியாது. மாலைபோல் அடுத்த கிழமைக்கு ஆளை ஒழுங்குசெய்து, பெயரையும் எழுதிக் கொடுத்தார்கள். எழும்பும்போது நாரி பிடித்துக்கொண்டது. கொஞ்சநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 6, புதன்

எல்லாவற்றையும் எழுதவேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் பெயர் கௌசல்யா. கரவெட்டிப் பிள்ளை, நாற்பது வயதிருக்கும். வாசலிலேயே என்னிடம் சொன்னாள்: "அம்மா, உள்ளுக்க ஆர் என்ன சொன்னாலும் நான் மற்ற ஆக்களுக்கு அப்பிடியே சொல்லுவன். ஒண்டும் கூட்டமாட்டன், ஒண்டும் விடமாட்டன். நீங்கள் ஐயாவுக்குப் பதிலாக் கதைக்கக்கூடாது. விளங்குதோ?"

எனக்கு அது பிடிக்கவில்லை. என் புருசனுக்கு நான் கதைக்கக்கூடாதாம். ஆளைக் கூப்பிட்டதே நான்தான்.

அறையில் சமூக சேவகி, படம் காட்டிய பெண், மன்செஸ்ரரிலிருந்து வந்த தர்ஷி, நான். இவரைச் சக்கரக் கதிரையில் கொண்டுவந்தார்கள்.

"ஐயா, நீங்கள் இப்ப எங்க இருக்கிறியள்?"

"ஆஸ்பத்திரியில."

"ஏன் வந்தனீங்கள்?"

"மூளையில ரத்தம் கட்டிப்போச்சு. வலப்பக்கம் போட்டுது."

"இப்ப என்ன மாதம்?"

"தீபாவளி முடிஞ்சுதாம் எண்டு இவ சொன்னவ. அப்ப கார்த்திகை." நவம்பரை நாங்கள் கார்த்திகை என்றுதான் சொல்வோம். பிறகு படம் காட்டிய பெண்ணைப் பார்த்து, "முதலில சோதனை எடுத்த பிள்ளையோ இது? நல்ல பிள்ளை. படமெல்லாம் காட்டினது. நான் சொன்னதை ஏன் கவனிக்கேல்லை எண்டு தெரியாது," என்றார்.

கௌசல்யா அப்படியே சொன்னாள். படம் காட்டிய பெண்ணின் முகம் காதுவரை சிவந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவரிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் நிமிர்ந்து இருந்தேன். இவ்வளவு நாளும் நான் சொன்னது இதைத்தானே.

பிறகு சமூக சேவகி கேட்டாள், எங்கே இருக்க விருப்பம் என்று. நான் தர்ஷியைப் பார்த்தேன். இப்போது கேள்.

இவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். "வீட்டை போகத்தான் ஆசை. ஆனா இப்ப ஏலாது. எங்கட படி செங்குத்து. இவவுக்கு நாரி நோ. என்னைத் தூக்கப்போய் இவவும் விழுந்தால் ஆர் பாக்கிறது? கை கால் கொஞ்சம் எழும்புமட்டும் கிட்டடியில ஒரு இடத்தில விடுங்கோ. தூர அனுப்பாதேங்கோ. இவவால வந்து போகேலாது. இதை இவவுக்கு ரெண்டு தரம் சொன்னனான்."

அந்தப் பெண் கடைசிச் சொல்வரைக்கும் சொன்னாள். ரெண்டு தரம் என்பதையும். தர்ஷி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் 'வீடு' என்றுதானே சொன்னீர்கள்?"

வீடு என்றும்தானே சொன்னார். அதில் என்ன பொய்?

வேறு ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். இவர் மகளைப் பார்த்தார். "இந்தப் பிள்ளை ஏன் என்னோட கதைக்கிறாளில்லை எண்டு கேளுங்கோ. வாறாள், இருக்கிறாள். என்னைப் பாத்து வாயை அசைக்கிறாள். சத்தம்தான் வருது, கதை வரேல்லை. நான் என்ன செய்தனான் இவளுக்கு?"

ஆங்கிலத்தில் அதைக் கேட்டதும் தர்ஷி உடைந்துபோனாள். "நான் ஒவ்வொரு நாளும் பேசினேன் அப்பா. நீங்கள்தான் எனக்குத் தெரியாத மொழியில் பேசுகிறீர்கள்."

கௌசல்யா தமிழில் சொன்னாள். இவர் புருவத்தைச் சுருக்கினார். "என்ன பாஷை?"

"தமிழ், ஐயா. நீங்கள் இப்ப தமிழிலதான் கதைக்கிறியள். இங்கிலீசு இப்ப உங்களுக்கு வருகுதில்லை."

"தமிழோ?" இவர் அவளை நம்பவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அது எப்பிடி? எங்கட வீட்டில ஆரும் தமிழ் கதைக்கிறேல்லையே."

நான் எழும்பினேன் என்பது தெரியும். மற்றதெல்லாம் தானாக வந்தது.

"ஆரும் இல்லையோ? அப்ப நான் ஆர்? முப்பது வருசமா உங்களுக்கு மறுமொழி சொன்னது ஆர்? நீங்கள் இங்கிலீசில கேப்பியள், நான் தமிழில சொல்லுவன். ஒவ்வொரு நாளும். சோறு போடவோ எண்டு கேட்டது தமிழ். காய்ச்சலுக்கு நெத்தியில கை வைச்சுக் கேட்டது தமிழ். உங்கட அம்மா செத்த செய்தியை உங்களுக்குச் சொன்னது நான், தமிழில. குசினிக்குள்ள அடுப்படியில நிண்டு கதைச்சால் அது கதை இல்லையோ? பொம்பிளை கதைச்சால் கணக்கில வராதோ? ஆரோ ஒரு ரீச்சர் சொன்னாள் எண்டு வந்து, நாளையிலயிருந்து பிள்ளையோட தமிழ் கதைக்காதையும் எண்டு சொன்னியள். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டியளோ? பெத்த பிள்ளையை நான் 'ஈற், ஸ்லீப், கோட், கம்' எண்டு நாலு சொல்லில வளத்தன். நாய்க்குச் சொல்லுறமாதிரி. அவள் முதல் முதல் யூனிவேர்சிற்றிக்குப் போன அண்டைக்கு எனக்குச் சொல்ல எவ்வளவு இருந்தது. பயந்துபோய் நிண்டாள். கார் கதவைப் பிடிச்சுக்கொண்டு 'ரேக் கெயர்' எண்டன். அவ்வளவுதான் இருந்தது என்னட்ட. அவள் என்னை ஒண்டும் தெரியாதவள் எண்டு நினைச்சுக்கொண்டு போனாள். இப்ப கேக்கிறியள், ஆர் தமிழ் கதைக்கிறது எண்டு!"

மூச்சு வாங்க நின்றபோதுதான் பின்னால் ஒரு மெல்லிய குரல் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது கேட்டது. கௌசல்யா, என் மகளின் காதருகில் குனிந்து, நான் சொன்னதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றும் விடமாட்டேன் என்று சொன்னவள் விடவில்லை. தர்ஷி அழுகையை நிறுத்திவிட்டு என்னை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் எதிரே இருக்கிற யாரோ ஒருத்தி திடீரென்று தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

நான் தண்ணீர் எடுக்கிறேன் என்று வெளியில் போய்விட்டேன்.

முடிவு: இவருக்குத் தகுதி இருக்கிறது. அவர் கேட்டபடி, பக்கத்து ஊரில் உள்ள பயிற்சி நிலையத்தில் இடம் பார்க்கிறார்கள். ஒரே பஸ். பிறகு வீடு, உதவிக்கு ஆளோடு. எனக்கு வெற்றிதான். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

நவம்பர் 7, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மழை என்று சொன்னேன். மழை இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

போனேன். பைஜாமாவை மாற்றினேன், நகம் வெட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

"இஞ்சேரும்," என்றார். நான் அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன்.

"நீர் கதைச்சதெல்லாம் எனக்குக் கேட்டதுதான். அது தமிழ் எண்டு நான் நினைக்கேல்லை. அது உம்மட குரல் எண்டுதான் இருந்தது."

நல்ல கதை. இவ்வளவு காலமும் செய்ததை ஒரு வசனத்தால் துடைத்துவிடப் பார்க்கிறார். வாய் கோணினாலும் பேச்சுச் சாதுரியம் போகவில்லை.

"இவ்வளவு நாளும் இங்கிலீசில கதைச்சது அப்ப ஆற்ற குரல்?" என்று கேட்டேன்.

யோசித்தார். "அந்த ஸ்ரேசன் விக்கின்ர," என்றார்.

சிரிக்கக்கூடாது என்று நகவெட்டியைக் கழுவப் போனேன்.

நவம்பர் 30, சனி

பயிற்சி நிலையத்தில் சேர்த்தாகிவிட்டது. தடியைப் பிடித்து ஜன்னல்வரை நடக்கிறார்.

இன்று தாதி தேநீர் கொண்டுவந்தபோது இவர் நிமிர்ந்து, தெளிவாக, "தாங்க் யூ, மை டியர்," என்றார். அதே ஒலிபெருக்கிக் குரல். தாதி கைதட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். ஆங்கிலம் திரும்பி வருகிறதாம், நல்ல அறிகுறியாம். தர்ஷி ஓடிப்போய்த் தகப்பனைக் கட்டிப்பிடித்தாள்.

நான் தட்டவில்லை. தட்டியிருக்க வேண்டும் என்று தெரியும். மகளோடு இரண்டு சொல் பேசினால் அவருக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. என்றாலும் கை எழும்பவில்லை.

ஆரவாரம் அடங்கியதும் கட்டிலருகே போய் நின்றேன். "நீங்கள் எந்தப் பாஷையில வேணுமெண்டாலும் கதையுங்கோ. ரீச்சர் வந்தாலும் சரி, மகாராணி வந்தாலும் சரி, இனி நான் குசினிக்குள்ள நிண்டு கதைக்கமாட்டன். ஹோலில இருந்து கதைப்பன். சத்தமாக் கதைப்பன். தர்ஷி இருந்தாலும் கதைப்பன்."

"கதையும்," என்றார். தேநீரைக் கொஞ்சம் நெஞ்சில் ஊற்றிக்கொண்டார். துடைத்துவிட்டேன்.

கதைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி குப்பைத் தொட்டியை இப்போது எங்கள் வேலிக்கு மேலால் தூக்கி வைக்கப் பார்க்கிறாள் என்பதில் தொடங்கினேன். பாதியில் இவர் நித்திரையாகிவிட்டார். நிறுத்தினேன்.

கட்டிலின் காலடியில் இருந்த தர்ஷி தலையை நிமிர்த்தி, "சொல்லுங்கள், அம்மா," என்றாள், ஆங்கிலத்தில்.

"அண்டர்ஸ்ராண்ட்?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். ஆனால் சொல்லச் சொன்னாள். கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

வேலியில் தொட்டி இடித்து என் கறிவேப்பிலைச் சாடி உடைந்ததையும், பக்கத்து வீட்டுக்காரி எனக்கு ஒரு 'சொறி'கூடச் சொல்லாமல் கதவைச் சாத்தியதையும், நான் என்ன செய்யப்போகிறேன் என்பதையும் முழுவதுமாகச் சொன்னேன்.